மேடையும் மெய்ப்பயிற்சியும்

வானொலியில் நாடகம் கேட்பவருக்கு நடிகனின் குரல் ஒன்றே போதும். அரசன் அரியணையிலிருந்து இறங்குகிறான் என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமும் இரண்டு காலடியோசையும் உணர்த்திவிடும். எஞ்சியதைக் கேட்பவர் மனமே கட்டிக்கொள்ளும். மேடைக்கு இச்சலுகை கிடையாது. அங்கே அரசன் உண்மையாகவே படியிறங்கியாக வேண்டும். இறங்கும் காலில் தடுமாற்றம் இருந்தால், எத்துணை உயர்ந்த வசனமும் அவனை அரசனாக்க மாட்டாது. நடிகனுக்குக் குரற்பயிற்சியோடு மெய்ப்பயிற்சியும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அப்பயிற்சி தமிழ்நாட்டில் எவ்வாறு நடந்தது, எங்கே நின்றுபோயிற்று, அம்பர்நாத்திலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் அதனை எந்த அளவுக்கு மீட்டுக்கொள்ளலாம் என்பவற்றைச் சிறிது காண்போம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகின்றாள். அக்காதை ஆடுபவளின் அழகைச் சொல்லி நின்றுவிடவில்லை. அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், தளத்துக்கும் மேல்விதானத்துக்கும் இடைவெளி 4 கோல் என்று தச்சரைப்போல அளந்து காட்டுகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிக்கின்றது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு அமைய வேண்டும் என்கின்றது. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என அபிநயக் கைகளை எண்ணி விளக்குகின்றார். கையின் கணக்கும் மேடையின் கணக்கும் ஒரே இடத்தில் வருவது தற்செயலன்று. தான் நிற்கும் இடத்தின் நீள அகலத்தைக் கால் அறியாவிட்டால், கை கற்ற முத்திரை எதிரில் இருப்பவர் கண்ணுக்கு எட்டாது.

இடைக்காலச் செய்திகளைத் தாண்டி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். தீட்டிய திரைகளும், இருபுற மறைப்புத் தட்டிகளும், மேலிருந்து இறங்கும் படுதாவும் கொண்ட மேடையைத் தெற்கே பரப்பியதில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இம்மாநகரில் குடியேறி வாழும் நாம் இதனை நினைவிற் கொள்ளலாம்: நம் ஊர்க் கொட்டகைகளில் தொங்கிய படுதாவின் மூலம் இங்கேதான் இருந்தது. மாறாக, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜியின் காலத்திலேயே (1684–1712) அந்நகரில் மராத்தி நாடகங்கள் எழுதப்பட்டிருந்தன. விஷ்ணுதாஸ் பாவே சாங்லியில் தம் முதல் நாடகத்தை மேடையேற்றியது 1843-இல்தான். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் இருந்தது.

மெய்ப்பயிற்சி ஒரு முறையாக வளர்ந்த இடம் பால சபைகளே. மக்கள் வழக்கில், ‘பாய்ஸ் கம்பெனி’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். வளர்ந்த நடிகர்கள் மனம்போன போக்கில் பேசியும் பாடியும் கதையைக் குலைத்தமையே சிறுவரைக் கொண்டு சபை நடத்தும் எண்ணத்தைத் தந்தது என்பர். அச்சபையில் டி. கே. சண்முகம் சேர்ந்தபொழுது அவருக்கு வயது ஆறு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம். ஜி. இராமச்சந்திரனும், நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால வினோத சங்கீத சபையில் எம். என். நம்பியாரும் சிறுவராகச் சேர்ந்து பயின்றவர்கள். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில், தாம் அநாதை என்று சொல்லிச் சேர்ந்துகொண்ட கணேசன் என்னும் சிறுவர், முதலில் ஏற்றது சீதை வேடம். அவரே பின்னர் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் மராட்டிய வேந்தராக நடித்து, பெரியாரால் ‘சிவாஜி’ என்று அழைக்கப்பெற்றார்.

இச்சிறுவருள் பலர் பள்ளிப் படிப்பை இரண்டு மூன்று வகுப்போடு விட்டவர்கள். ஆயினும் தமிழை இவர்களினும் திருத்தமாக மேடையில் ஒலித்தவர் அரியர். காரணம் என்ன? பாடம் ஏட்டின் வழியாகவன்றி உடலின் வழியாக ஏறியது. வாத்தியார் நின்று காட்டுவார், சிறுவன் நிற்பான். வாத்தியார் ஓரடி முன்வைத்து ஒரு சொல்லைச் சொல்வார். சிறுவன் அதே அடியை வைத்து அதே சொல்லைச் சொல்வான். அடி பிசகினால் சொல்லும் பிசகியதாகவே கொள்ளப்பட்டது. நாட்கணக்கில் இது நடக்கும்பொழுது, இன்ன சொல்லுக்கு இன்ன மூச்சு, இன்ன மூச்சுக்கு இன்ன நிலை என்று மூன்றும் ஒன்றாய்ப் பின்னிக்கொள்ளும்.

வேடப் பிரிவுகளும் ஒவ்வொன்றும் ஓர் உடற்பாடமாகவே இருந்தன. ராஜபார்ட் நிமிர்ந்த மார்போடு மேடையின் நடுவைப் பிடிக்க வேண்டும். ஸ்திரீபார்ட் அடியைச் சுருக்கி, முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து நடக்க வேண்டும். கள்ளபார்ட்டுக்குத் துள்ளலும் தாவலும் உரியவை. பபூனோ இம்மூவர் நடையையும் அறிந்தவனாக இருந்தால்தான் அவற்றைக் கேலி செய்ய முடியும். நகைச்சுவை நடிகருக்குப் பயிற்சி வேண்டா என்று கருதுவார் உளர். நாம் அதனை ஒப்ப மாட்டோம். சிறுவன் பல வேடங்களையும் மாற்றி மாற்றி ஏற்றமையால், ஒரே உடலில் பல உடல்கள் குடியேறின. பின்னர் மகரக்கட்டு வந்து குரல் உடையும். பாடிப் பெயர் வாங்கிய பையனுக்கு அது பேரிடி. பலர் அத்துடன் வீடு திரும்பினர். நிலைத்தவர்க்கு அந்த இடைக்காலத்தில் கைகொடுத்தது கால் கற்ற பாடமே.

1942-இல் ‘ஔவையார்’ நாடகத்தில் சண்முகம் மூதாட்டியாக நடித்தபொழுது அவருக்கு வயது முப்பது. அவ்வேடமே அவருக்கு ‘ஔவை’ என்னும் அடைமொழியைத் தந்தது. முதுமையை நடிப்பது முதுகை வளைப்பதாக மட்டும் இருந்தால் எவரும் செய்துவிடலாம். முதியவர் நடக்கையில் கோல் முதலில் தரையைத் தொடும். உடலின் எடை கோலுக்கு மாறிய பிறகே கால் நகரும். திரும்பிப் பார்க்க நேர்ந்தால் கழுத்து தனியே திரும்பாது, தோளும் உடன் திரும்பும். எழுந்திருக்குமுன் எழப்போவதற்கு ஆயத்தமாக ஒரு கணம் கழியும். இவற்றைக் கவனித்து உடலில் ஏற்றுவதே பயிற்சி. வெண்மையான பொய்முடி பிறகு வருவது.

இப்பெருமையைச் சொல்லும் நாம், அதன் மறுபக்கத்தை மறைத்தல் முறையாகாது. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தனர். இரவு முழுதும் நாடகம், பகலில் பாடம். பிழை செய்தால் பிரம்பு. கம்பெனிகளின் ஒழுங்கைப் புகழ்ந்து பேசுவோர் அப்பிரம்பையும் சேர்த்தே புகழ்வதை நாம் கேட்டிருக்கின்றோம். அடியால்தான் கலை வந்தது என்பதற்குச் சான்றில்லை. அடியையும் மீறிக் கலை வந்தது என்றே நாம் கொள்கின்றோம். காஞ்சிபுரம் அருகே பி. இராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிக்கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒருங்கே அளித்தது. ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய விடை.

திரைப்படம் வளர, கம்பெனிகள் கலைந்தன. சபா நாடகங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அவற்றில் நல்ல வசனம் இருந்தது, நல்ல நகைச்சுவையும் இருந்தது. ஆனால் மேடைக்கு மேலே ஒலிவாங்கி தொங்கத் தொடங்கிய பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. நடிகர்கள் யாவரும் அதன் கீழே வந்து கூடினர்! கணவன், மனைவி, மாமனார், தபால்காரர் எல்லாரும் ஒரே வரிசையில், சபையோரைப் பார்த்தவண்ணம். நாற்காலியும் சோபாவும் கிடந்த மேடையில் மற்ற இடமெல்லாம் வீணாயிற்று. மும்பைத் தமிழ்ச் சங்க விழாக்களில் நாம் இன்றும் காணும் காட்சியே இது.

தெருக்கூத்துக் கலைஞருக்கு இக்குறை நேரவில்லை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும், புஜக்கட்டையும், மார்புப் பதக்கமும் அணிந்து, சலங்கை கட்டி, விடியும்வரை ஆடுகின்றார் அவர். அவ்வணிகள் பூண்டவர் கழுத்தை மட்டும் தனியே திருப்ப இயலாது. இடுப்பிலிருந்து உடல் முழுவதும் திரும்பும். அதனாலேயே தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் அத்திருப்பம் தெரிகின்றது. சுழன்றாடிய மூச்சு அடங்குமுன் உச்சத்தில் பாடவும் வேண்டும். ந. முத்துசாமி (1936–2018) இவ்வுண்மையைப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் கண்டார். 1977-இல் சென்னையில் தோன்றிய கூத்துப்பட்டறையில், புதிய நாடகம் நடிப்போர்க்குக் கூத்தின் அடவையும், சிலம்பத்தையும், களரியையும் பயிற்சியாக வைத்தார். பசுபதி, கலைராணி முதலானோர் அங்கிருந்து வந்தவர்களே.

வேற்று நாட்டாரும் இவ்வழியே சென்றுள்ளனர். உருசிய நாட்டு இயக்குநர் மேயர்ஹோல்டு 1922-இல் மாஸ்கோவில் ‘பயோமெக்கானிக்ஸ்’ என்னும் மெய்ப்பயிற்சி முறையைப் பலரறியக் காட்டினார். அதன் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று, எச்செயலையும் அதற்கு எதிர்த்திசையிற் செல்லும் ஒரு சிற்றசைவோடு தொடங்குதல். அடிக்க ஓங்குபவன் முதலில் பின்வாங்குகின்றான். அப்பின்வாங்கலே, ‘இதோ அடி வரப்போகிறது’ என்று பார்ப்பவருக்கு அறிவிக்கின்றது. சிலம்பம் வீசுபவரைக் கூர்ந்து நோக்கினால் இதே பாடம் அங்கும் இருக்கும். மேயர்ஹோல்டு 1940-இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பயிற்சி முறை அவரைக் கடந்து வாழ்கின்றது.

இனி நம் நிலைக்கு வருவோம். அம்பர்நாத்திலிருந்து மும்பை முனையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலையில் நெரிசலில் தொங்கிச் சென்று இரவில் திரும்புகின்றவரிடம் விடியற்காலைப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது ஏளனம்போல் ஒலிக்கும். ஆனால், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை (1891) வழக்கறிஞரும் அலுவலரும் மாலையில் கூடி ஒத்திகை பார்த்த சபையே. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றிலும் முதல் அரைமணி நேரம் வசனத்தைத் தொடாமல் உடலுக்கே என்று ஒதுக்கினாலே மாறுதல் தெரியும்.

எதில் தொடங்குவது? நிற்பதில். இரு பாதங்களிலும் எடை சமமாக, கைகள் தொங்க, எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் நிற்றல். எளிதெனத் தோன்றும் இதுவே கடினம். கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். அடுத்து நடை, திரும்புதல், அமர்தல். வீழ்தலைக் கற்பிக்குங்கால் மூச்சை வெளியிட்டு, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, விலா என்ற வரிசையில் பக்கவாட்டில் தரைதொடச் செய்க. முழங்கால் எலும்பும், மணிக்கட்டும், தலையும் மோதலாகாது. கீழே ஜமக்காளம் இருக்கட்டும். ஒற்றைக் காலில் எடை சாய்ந்த நிலைக்குச் சான்று வேண்டுவோர், வால்துனி ஆற்றங்கரையில் 1060-ஆம் ஆண்டில் எழுந்த அம்பர்நாத் சிவன் கோயிலின் புறச்சுவர்ச் சிற்பங்களை ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம். இடுப்பு எப்பக்கம் விலகுகின்றதோ அதற்கு மறுபக்கம் தோள் சரிந்து சமன் செய்வது அங்கே விளங்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர், எழுத்தறியார். ஆண்டு விழா நாடகத்துக்கு வசனத்தைத் தேவநாகரியில் எழுதிக் கொடுக்கின்றோம். இந்தி, மராத்தி எழுத்து வழக்கில் எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ஆதலால் ‘வாளை எடு’ என்று முழங்க வேண்டிய படைத்தலைவன் ‘வாளை ஏடு’ என்கின்றான், சபை சிரிக்கின்றது, பையன் அடுத்த ஆண்டு மேடைப் பக்கமே வருவதில்லை. எழுத்தறியாச் சிறுவர்க்குச் சுவாமிகள் காலத்து வாத்தியார்கள் செய்ததையே நாமும் செய்யலாம். தாளை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை நடக்கச் செய்ய வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது இலக்கணம். அதனைக் காலுக்கு மாற்றினால், குறிலுக்கு ஓரடி, நெடிலுக்கு ஈரடி. ‘எடு’ என்பதற்கு இரண்டடி. ‘ஏடு’ என்பதற்கு மூன்று. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சொல்லிக்கொண்டே நடக்கட்டும். கால் பழகிய பின் வாளைக் கையிற் கொடுக்கலாம்.