கெண்டைக்கால் வலி: எப்போது நீவலாம், எப்போது கூடாது?

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாகிடும்" - கெண்டைக்கால் வலித்தால் வீட்டில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்.

அதிகம் நடந்ததால் தசை இறுகியிருந்தால் நீவுவது உதவும். 'முடிச்சு உடையுது' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். இதமான அழுத்தத்தில் நரம்பு மண்டலம் வலி உணர்வைக் குறைக்கிறது, தசை தளர்கிறது. அந்த நேரத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழக்கணும். இல்லன்னா இறுக்கம் திரும்ப வந்துடும்.

ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, நிறமாற்றம் இருந்தால் கை வைக்கவே கூடாது. அது சுளுக்காக இல்லாமல், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்த டி.வி.டி பாதிப்பாக இருக்கலாம். தேய்க்கும்போது ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம் முடிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.