பழைய கம்ப்யூட்டர் கேமும் அப்பா கட்டிய ஊரும்

பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் கேட்டார்: "பையன்கள் சின்ன வயசில் விளையாடின கேம் சி.டி. எல்லாம் பரணில் கிடக்கிறது சார், புது லேப்டாப்பில் ஓடுமா?" ஓடும், ஆனால் பரண் ஏற வேண்டாம் என்றேன். நின்றபடி பேசி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நானே இதில் மாட்டிக்கொண்டு மீண்டவன்.

என் அப்பா 1963-ல் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்து, ஆர்.கே.புரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பிடித்துப்போனது 'சீஸர் 3' என்ற கேம். 1998-ல் வந்தது. ரோமாபுரிக் காலத்து நகரம் ஒன்றை நாமே நிர்மாணிக்க வேண்டும்: தண்ணீர், களஞ்சியம், சந்தை, கோயில், வரி. சண்டை குறைவு, கணக்கு அதிகம். 2011-ல் காலமாகும் வரை மாலைக் காப்பிக்குப் பின் அப்பாவுக்கு அதுதான். போன வருஷம் அம்மா திடீரென்று, "அப்பா கட்டின ஊர் அந்தப் பழைய பெட்டியில் இன்னும் இருக்குமாடா?" என்று கேட்டாள்.

சி.டி.யை வைத்துக்கொண்டு பயனில்லை. இப்போது வரும் லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே இல்லை. வெளியே ஒரு டிரைவ் வாங்கி இணைத்தாலும், அந்தக் காலத்து சி.டி. பலவற்றில் கேமை நிறுவும் புரோகிராம் 16 பிட் வகை. இன்றைய 64 பிட் வின்டோஸ் அதைத் தொடவே தொடாது. சில சி.டி.களில் இருந்த திருட்டு நகல் தடுப்புப் பூட்டை வின்டோஸ் 10 வந்தபோதே, 2015-ல், மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது.

ஆகவே இன்டர்நெட் கடைதான் வழி. 2003-ல் தொடங்கிய ஸ்டீம் ஒன்று, போலந்துக்காரர்கள் 2008-ல் பழைய கேம்களுக்கென்றே தொடங்கிய ஜி.ஓ.ஜி. மற்றொன்று. ஸ்டீமில் வாங்கினால் பெரும்பாலும் அவர்களுடைய புரோகிராம் வழியாகத்தான் கேமைத் திறக்க வேண்டும். ஜி.ஓ.ஜி.யில் நிறுவும் ஃபைலையே இறக்கி நம் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நாளை கடை மூடினாலும் அது நம்மிடம் இருக்கும். என் ஓட்டு இதற்கே. வெளிநாட்டுப் பணத்தில் விலை கேட்டால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2020-லிருந்து புதுக் கார்டுகளில் அது மூடியே வருகிறது.

டாஸ் காலத்துக் கேம்களுக்குக் கவலை குறைவு. இரண்டு கடைகளுமே அவற்றைப் பெரும்பாலும் 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச புரோகிராமுடன் சேர்த்தே தருகின்றன. ஆட்டம் தலைதெறிக்க ஓடினால் கண்ட்ரோலும் எஃப்11-ம் அழுத்துங்கள், வேகம் தணியும்.

சீஸர் வின்டோஸ் கேம். வாங்கினேன், ஓடியது. ஆனால் பழைய அளவுப் படம் புதிய அகலத் திரையில் இழுபட்டு, ஆட்களெல்லாம் குண்டாகத் தெரிந்தார்கள். இதற்கு ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் 'ஜூலியஸ்' என்ற புரோகிராம் இருக்கிறது. அசல் கேமின் ஃபோல்டர் எங்கே என்று ஒருமுறை காட்டினால் போதும், திரைக்கு ஏற்ற அளவில் ஓட்டும். எந்தக் கடையில் வாங்கியதானாலும் அதற்குச் சம்மதம். ஸ்டீமில் ஃபோல்டரைக் கண்டுபிடிக்க, கேம் பெயரின்மேல் வலது க்ளிக், 'மேனேஜ்', பிறகு 'ப்ரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ்'. இதே வகையில் 'அகஸ்டஸ்' என்று இன்னொன்றும் உண்டு. வசதிகள் அதிகம், ஆனால் அதில் சேமித்த ஊரை அசல் கேமில் மறுபடி திறக்க முடியாது. எனக்கு அப்பா விட்ட இடம் அப்படியே வேண்டும் என்பதால் ஜூலியஸோடு நின்றேன்.

மிச்சம் அப்பாவின் ஊர். பழைய ஹார்ட் டிஸ்கைக் கேபிள் போட்டு இணைத்து, கேம் ஃபோல்டரில் '.sav' என்று முடியும் ஃபைல்களைத் தேடினேன். 2009-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அப்பாவோ கடைசி வாரம் வரை விளையாடியவர். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தவறு என்னுடையதுதான். பெட்டியை வின்டோஸ் 7-க்கு மாற்றியபோது, ஒழுங்காக இருக்கட்டுமென்று கேமை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் நானே போட்டேன். விஸ்டா முதற்கொண்டு வின்டோஸ் அந்த ஃபோல்டருக்குக் காவல் போடுகிறது. பழைய கேம் அங்கே எழுத முயன்றால், சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடும்: 'யூசர்ஸ்' ஃபோல்டரில் உங்கள் பெயருக்குக் கீழே, 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'வர்ச்சுவல்ஸ்டோர்'. ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டு என்று வின்டோஸிடம் சொன்னால்தான் தெரியும். அங்கே பதினேழு ஃபைல்கள் இருந்தன. நீங்களும் பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் அங்கே ஒரு கண் வையுங்கள்.

முதலில் அவற்றை இரண்டு பென் டிரைவில் நகலெடுத்தேன். பிறகு கடைசி ஊரைப் புதிய கேமின் ஃபோல்டரில் போட்டுத் திறந்தேன். திறந்ததுமே ஊர் நடமாட ஆரம்பித்துவிடும். எங்கேயாவது தீப்பிடிக்குமுன் 'பி' எழுத்தை அழுத்தி நிறுத்தினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சந்தையை இவ்வளவு தூரத்திலா வைப்பார்? வீட்டிலிருந்து நடக்கிறது யாராம்?" என்றாள்.