முகவரிக்கும் உண்டு குத்தகை

கல்லூரி வை-ஃபையில் சேரும் கைபேசி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். 1993-இல் வகுக்கப்பட்ட டி.எச்.சி.பி. முறையில் கன்ட்ரோலரே அதை வழங்கும். முகவரி வரிசை, கேட்வே, டி.என்.எஸ்., குத்தகைக் காலம் இவற்றை அதில் குறித்துவிட்டால் போதும்.

குத்தகைதான் வில்லங்கம், நண்பர்களே! 192.168.10 என்று தொடங்கும் வரிசையில் 254 முகவரிகளே உண்டு. கேட்வேக்கு ஒன்று போக 253. குத்தகை 24 மணி நேரமாயின், காலையில் வந்து நண்பகலில் வீடு திரும்பியவரின் முகவரியும் மறுநாள் வரை முடங்கிக் கிடக்கும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மாலையில் ஓடிவரும் மாணவருக்கு எதுவும் மிஞ்சாது. அலைக்குறி மட்டும் முழுதாய்த் தெரியும். பழி பாவம், அலையின்மேல் விழும்!

நான் ஒரு மணி நேரமே குறிப்பேன். இணைப்பில் இருப்பவர்க்கு இடையூறில்லை. பாதிக் காலம் கழிந்ததுமே கைபேசி தானாகக் குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும்.