அப்பாவின் மாத்திரையும் பெரியப்பாவின் ஊசியும்

அப்பாவுக்கு 68 வயது, பெரியப்பாவுக்கு 74. இருவருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில்தான் பிரச்சினை. அப்பாவுக்கு வெறும் வீக்கம். பெரியப்பாவுக்கு எலும்புவரை பரவிய புற்றுநோய். அப்பா தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். பெரியப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி. இரண்டையும் 'ஓமோன் மருந்து' என்றுதான் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

சென்ற வருடம் பெரியப்பா ஊசிக்காக பஸ் ஏறி அலைவதை நிறுத்திவிட்டார். அப்பாவின் துண்டைக் காட்டி பாமசியில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சில மாதங்களில் முதுகு நோவு தாங்காமல் போனபோதுதான் விடயம் வெளியே வந்தது. "இரண்டும் ஓமோன்தானே, பிள்ளை?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அதன் கலங்களுக்குள் (செல் என்று எழுத மனம் வரவில்லை; எங்களுக்கு அந்தச் சொல் வேறு) அன்ட்ரோஜன் வாங்கி என்றொரு புரதம் இருக்கிறது. விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் சுரப்பிக்குள் வந்ததும், அதில் பெரும்பகுதி இன்னும் வலுக்கூடிய இன்னொரு ஓமோனாக மாறுகிறது. அது பூட்டில் திறப்பு பொருந்துவதுபோல அந்த வாங்கியில் பொருந்தும். உடனே வாங்கி கலத்தின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கத் தொடங்கும். இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. கூட இப்படி இயக்கப்படும் ஒரு மரபணுவின் விளைவுதான்.

மார்பகப் புற்றுநோய் வந்தால் கட்டியில் ஓமோன் வாங்கி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். புரோஸ்டேட்டில் ஆரம்பத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சுகமான சுரப்பியிலும், வீங்கிய சுரப்பியிலும், அநேகமாக எல்லாப் புற்றுக்கட்டியிலும் அது இருக்கும். வித்தியாசம் அது செய்யும் வேலையில். சாதாரண வீக்கத்தில், சுரப்புக் கலங்களைச் சூழ்ந்த தாங்கு இழையத்திலுள்ள வாங்கிகளே வளரச் சொல்லித் தூண்டுகின்றன. புற்றுநோயிலோ அந்தக் கலம் தன் சொந்த வாங்கியைக் கொண்டே தன்னை வளர்க்கப் பழகிவிடுகிறது.

அப்பாவின் மாத்திரை பினாஸ்டெரைட். டெஸ்டோஸ்டெரோன் அந்த வலுவான ஓமோனாக மாறுவதை மட்டும் அது தடுக்கும்; சுரப்பி மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். ஆனால் டெஸ்டோஸ்டெரோன் உடம்பில் அப்படியே இருக்கும். அதுவும் அந்த வாங்கியில் பொருந்தக்கூடியதுதான். பரவிய புற்றுநோய்க்கு அது போதும். போதாக்குறைக்கு, இந்த மாத்திரை நாளடைவில் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய அரைவாசியாக்கும். விடயம் தெரியாத வைத்தியர் அறிக்கையைப் பார்த்து ஏமாறலாம்.

பெரியப்பாவின் ஊசி விதைகளின் சுரப்பையே நிறுத்துகிறது. இந்த வழியைக் காட்டியவர் சிகாகோவின் சார்ள்ஸ் ஹகின்ஸ். விதைகளை அகற்றினால் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்று 1941இல் அறிவித்தார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசியும் எப்போதைக்கும் தாங்காது. காலப்போக்கில் புற்றுக்கலம் வாங்கிகளைப் பெருக்கிக்கொள்ளும்; சிலவேளை வாங்கியின் உருவம் மாறி வேறு ஓமோன்களையும் ஏற்கும். திறப்பு நுழையும் பகுதியே இல்லாத வாங்கிகளும் உண்டு, அவற்றுக்குத் திறப்பே தேவையில்லை. அபிராடெரோன், என்சாலுடமைட் போன்ற மருந்துகள் அந்தக் கட்டத்துக்கானவை. அப்போதும் ஊசியை வழக்கமாக நிறுத்துவதில்லை.

2009இல் மனிக்பாம் முகாமில் மலசலகூட வரிசையில் நின்றே சிறுநீரை அடக்கப் பழகியவர் பெரியப்பா. இரவில் நாலு தரம் எழும்புவதை வயசுக் கோளாறு என்றே இருந்துவிட்டார். வீக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் அறிகுறி ஒன்றாக இருக்கலாம். பிரித்தறிய இழையத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் புற்றுநோய் உள்ளவருக்கு முதுகு நோவோடு கால்களும் சோர்ந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முள்ளந்தண்டு நரம்பு நசிபட்டால் நடை திரும்பாமல் போகலாம். பெரியப்பாவுக்கு அது நடக்கவில்லை.

ஊசி மறுபடி தொடங்கிவிட்டது. அடுத்த திகதியைக் கலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்திருப்பவர் அப்பா. தன் மருந்துத் துண்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியும்விட்டார்.