பாட்டனாரின் பேனாக்கத்தி

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் வேளச்சேரியில் வெள்ளம் புகுந்ததை இவ்வூரார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஜலம் புகுந்தது. பீரோவைப் பற்றியும் புத்தகங்களைப் பற்றியும் கவலைப்பட்டோமேயன்றி, கட்டிலின் கீழிருந்த இரும்புப் பெட்டியை ஒருவரும் நினைக்கவில்லை. வெள்ளம் வடிந்து வெகு நாள் கழித்து அதைத் திறந்தபோது, காலஞ்சென்ற என் பாட்டனாரின் பேனாக்கத்தி சிவந்த மண்கட்டியைப்போல் கிடந்தது.

அதை மூர் மார்க்கெட்டில் வாங்கியதாக அவர் சொல்வதுண்டு. 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான அந்த அங்காடியில் பேரம் பேசத் தெரிந்தவனுக்குக் கிடைக்காத வஸ்து இல்லை என்பது அவர் அபிப்பிராயம். ஷெபீல்டு நகரத்துக் கத்தி அது. மான்கொம்புப் பிடி, பெரிதும் சிறிதுமாக இரண்டு அலகுகள், பெரிய அலகின் அடியில் ரோட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்திருக்கும். அதனால் அவர் பென்சில் சீவுவார், மாங்காய் நறுக்குவார், எங்களைத் தொடவிட மாட்டார்.

"பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமே!" என்றார்கள் வீட்டார். எனக்கு மனம் வரவில்லை. அன்று ஆரம்பித்ததுதான் இந்தக் கத்திப் பைத்தியம்.

துருவேறிய கத்தியைக் கண்டதும் இடுக்கியால் பிடித்து இழுக்கக் கை துடிக்கும். அதுதான் கூடாது. அலகைத் தாங்கும் முதுகு வில் அநேகமாக அப்போதுதான் முறியும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை மூட்டுகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்து, மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். நல்லெண்ணெய் உதவாது; நாளடைவில் பிசினாக இறுகிவிடும். துருவைக் கரைக்க வினிகர் நல்ல மருந்தே. ஆனால் கத்தி முழுவதையும் அதில் ஊறப்போட்டால் கொம்பும் எலும்பும் அமிலத்தில் அரித்துப்போகும். துணியை நனைத்து அலகில் மட்டும் சுற்றி, பிறகு கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் தடவவேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் காற்று வீசும் எங்கள் பேட்டையில் ஓர் இரவு அசட்டையாக இருந்தால் போதும். காலையில் மறுபடியும் செம்புள்ளிகள் அரும்பியிருக்கும்.

ஐந்தாம் நாள் பெரிய அலகு திறந்தது. மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். முத்திரை இருந்த இடத்தை மட்டும் பல் விலக்கும் பிரஷ்ஷினால் துலக்கினேன். முதலில் நட்சத்திரம் தெரிந்தது. சிலுவை பாதிதான் மிஞ்சியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. சின்ன அலகைச் சீக்கிரமாகத் தீட்டிவிட எண்ணி, மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைத்தேன். தீப்பொறி பறந்தது, பார்ப்பதற்கு மத்தாப்புப்போல் வெகு அழகு. நிறுத்திப் பார்த்தால் முனையெல்லாம் மயில்கழுத்து நீலம்! எஃகு ஏறக்குறைய 220 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வைக்கோல் நிறம் கொள்ளும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாரிக்கும். நீலம் கண்டால், கொல்லன் அதற்கு ஊட்டிய கடினத்தில் பெரும்பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வெள்ளத்துக்குத் தப்பிய அலகை நானே சுட்டுக் கெடுத்தேன்.

பெரிய அலகைத் தண்ணீர் தெளித்துச் சாணைக்கல்லில் கையாலேயே தீட்டினேன். கை ஓயும்போது சிந்தனை ஓடுமல்லவா? ஷெபீல்டு எஃகை நாம் வியந்தது ஒருபுறமிருக்க, நம் நாட்டு எஃகைக் கண்டு இங்கிலாந்து வியந்த கதை ஒன்று உண்டு. 'ஊட்ஸ்' என்று அவர்கள் அழைத்த, பம்பாயிலிருந்து வந்த நமது மூசை உருக்கை ஆராய்ந்தார் பியர்ஸன் என்னும் பண்டிதர். ராயல் சொசைட்டித் தலைவரின் வேண்டுகோளின்படி லண்டன் கத்தித் தொழிலாளர் ஸ்டோடார்ட் அதில் ஒரு துண்டை அடித்துச் செய்தது வாளல்ல, ஈட்டியல்ல; ஒரு பேனாக்கத்தி! அடிப்பது கடினமாயினும், பல காரியங்களுக்குத் தங்கள் நாட்டு எஃகைவிட இதுவே மேல் என்று அவர் கருதினார். 1795-இல் பியர்ஸன் அதை வெளியிட்டார். பிற்பாடு மைக்கேல் பாரடேயும் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகின் மர்மத்தை அறிய முயன்றார். ஈரோடு ஜில்லாவிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாராய்ச்சியில், பழங்காலத்தில் அங்கே இரும்பு உருக்கியதற்கான உலைகள் வெளிப்பட்டிருக்கின்றன.

சின்ன அலகைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுட்டுட்டீங்களே, ஸார்! நீலம் போகிறவரை சூடேறாமல் தேய்க்கணும். தேய்ச்சா நல்ல இரும்பு வரும், ஆனால் கத்தி பாதிதான் இருக்கும்" என்றார்.

வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிய அலகு இப்போது காகிதத்தைச் சத்தமின்றி அறுக்கிறது. சென்ற கோடையில் அதனால் மாங்காய் நறுக்கினேன். புளிப்புப் பட்டு அலகு கறுத்தது. பாட்டனார் காலத்திலும் அது அந்த நிறமாகத்தான் இருந்தது.