படர்தாமரை மருந்தும் திரும்பி வந்த கட்டியும்

மூக்கோரத்தில் முத்துப்போல் பளபளத்த சின்னக் கட்டி, அறுத்து எடுத்தாயிற்று. கொஞ்ச காலத்தில் அதே இடத்தில் ஆறாத புண். மும்பையில், தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் அடுத்துப் போவது டாக்டரிடம் அல்ல, மெடிக்கலுக்கு. ‘இட்ராகோனசோல் தோல் புற்றைக் கரைக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். படர்தாமரைக்குத் தரும் அதே காப்ஸ்யூல்தான். சீட்டில்லாமல் விற்கக் கூடாது, கேட்பார்தான் இல்லை.

செய்தி முழுப் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை; அதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் சிக்கல். பேசல் செல் என்ற வகைத் தோல் புற்று வளர உதவும் சமிக்ஞையை இம்மருந்து தடுக்கிறது. 2014இல் அமெரிக்காவில் 29 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்குக் கட்டியின் பரப்பு சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. குறைந்தது, குணமாகவில்லை. மெலனோமா என்ற வேறு வகைத் தோல் புற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆபத்து. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது.

ஆக, எந்த வகைப் புற்று என்பதே முதல் கேள்வி. பதில், முதல் அறுவையில் எடுத்த திசுவில் இருக்கிறது. மெழுகில் பதித்த அந்தத் துண்டை ஆய்வகத்தில் ‘பிளாக்’ என்பார்கள். பிளாக், கண்ணாடி ஸ்லைடு, பயாப்ஸி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் அறுவை நடந்த மருத்துவமனையில் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்ப நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ‘நாளை வா’ என்பது அங்கே வழக்கமான பதில். ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். தராவிட்டால் மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருப்பதுதான் கட்டாயம், காலம் கடத்தாதீர்கள்.

அந்த ஆவணக் கட்டோடு பரேல் டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். பழைய மருந்துக்குப் புது வேலை தருவது அங்கே புதிதல்ல. மெத்தோட்ரெக்ஸேட்டும் வலிமருந்தான செலகாக்ஸிபும் தலை, கழுத்துப் புற்றில் எப்படி வேலை செய்கின்றன என்று 422 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். அது தோல் புற்றுக்கான ஆய்வல்ல. அதில் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறைதான். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். வாரம் ஒரு முறை. டாக்டர் உங்களுக்கு அதைத் தந்தால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

ஆய்வில் சேரச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; தமிழில் கேட்பது உரிமை. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன.

செலவுக்கு மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டம் உண்டு. ரேஷன் கார்டு, ஆதாரோடு சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் ஆரோக்கிய மித்ரா மேசைக்குப் போக வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் போய்ப் பயனில்லை.

சீட்டில்லாமல் விற்ற கடையின் பில்லை எறியாதீர்கள். தாராவியை ஒட்டிய பாந்த்ரா குர்லா வளாகத்தில்தான் மாநில உணவு, மருந்து நிர்வாகத்தின் அலுவலகம். பேட்ச் எண்ணோடு புகாரை அங்கே கொடுங்கள். காப்ஸ்யூலை ஏற்கெனவே விழுங்கத் தொடங்கியவர்கள் டாக்டரிடம் அதை மறைக்க வேண்டாம்.