மீன்தொட்டிச் செடிகளுக்கு ஒரு சீனிப் போத்தல்

மீன்தொட்டியில் நட்ட செடிகள் ஒளியும் உரமும் இருந்தும் வாடுவதுண்டு. பெரும்பாலும் அவற்றுக்குப் போதாதிருப்பது காபனீரொட்சைட்டு வாயுவே. காற்றில் பரவுவதிலும் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே அது நீரில் பரவுகிறது. கடைகளில் கிடைக்கும் வாயு உருளைகளோ விலை கூடியவை. ஆயினும், அப்பமாவைப் பொங்கச் செய்யும் அதே ஈஸ்ட் இவ்வாயுவை வீட்டிலேயே தரவல்லது.

2 லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் இரண்டு கோப்பை சீனியும் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டும் இட்டு, முக்கால் பங்குவரை இளஞ்சூட்டு நீர் விடுக. மூடியில் துளையிட்டு, மெல்லிய குழாயொன்றை இடைவெளியின்றிப் பொருத்தி, மறுமுனையைத் தொட்டி நீரினுள் அமிழ்த்துக. மறுநாளே குமிழ்கள் எழும். இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும். குழாயின் நடுவே ஒருவழி வால்வு அவசியம். இல்லையேல் தொட்டி நீர் பின்னோக்கி வழிந்து தரைவிரிப்பை நனைத்துவிடும். வாடகை வீட்டில் இருப்போர் இதனை அலட்சியம் செய்யலாகாது! கண்ணாடிப் போத்தல் கூடவே கூடாது. குழாய் அடைபட்டால் வெடித்துச் சிதறும்.

மீன்களுக்கு ஆபத்து இரவிலேயே. விளக்கணைந்தபின் செடிகள் இவ்வாயுவை உட்கொள்வதில்லை. ஒட்சிசனையும் மீன்களோடு பங்கிட்டுக்கொள்கின்றன. ஈஸ்ட்டுக்கோ இரவு பகல் தெரியாது. விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கக் கண்டால், குழாயை உடனே வெளியே எடுத்துக் காற்றுப்பம்பியை இயக்குக. படுக்கைக்குச் செல்லுமுன் நாள்தோறும் குழாயை வெளியே எடுத்துவைப்பது அதனினும் நன்று. ஆனால் அதன் முனையை மடித்துக் கட்டிவிடாதீர்கள். வாயு வெளியேற வழி இருக்கவேண்டும்.